பதினோராம் எண் செடி

செப்டம்பர் 28

இந்த டைரி புத்தாண்டுக்கு மைதா கம்பெனிக்காரன் என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தது. இவருக்கு எழுத்து வேலையே ஆகாது. பேக்கரிக் கணக்கைக்கூடச் சுவரில் கரிக்கட்டியால் போடுகிற மனிதர். ஒன்பது மாதமாக அலமாரியில் கிடந்த டைரியை இன்றைக்கு எடுத்ததற்குக் காரணம் தமயந்தி.

"அக்கா, நீங்க பேசறதையெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வைங்க. என்ற காதுக்குக் கொஞ்சம் லீவு கெடைக்கும்" என்றாள். வாய்க்கொழுப்பு. ஆனால் அவள் சொன்னால் எனக்குக் கோபம் வருவதில்லை.

என் பெயர் ஞானசௌந்தரி. ஊர் நாசரேத் பக்கம். இவரைக் கட்டிக்கொண்டு கோத்தகிரிக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இங்கே மலைமேல் இருக்கிற கோதுமை ஆராய்ச்சி நிலையத்தில் பத்தொன்பது வருடமாக லேப் அசிஸ்டென்ட். தமயந்தி இங்கே டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவள். மூலனூர்க்காரி, இருபத்தொன்பது வயது. ஐந்தரை வருடமாக ஒரே கல்யாணத்தை நடத்தப் பாடுபடுகிறாள். பெண் சம்பா கோதுமை, நாம் ரவை உடைத்து உப்புமா கிண்டுவது. மாப்பிள்ளை காஸ்பியன் கடல் பக்கத்துக் களைப்புல். மாப்பிள்ளை வீட்டுப் பெருமை என்று சொல்ல ஒன்றே ஒன்று உண்டு: கோதுமையை அழிக்கிற துரு நோய் அதை அண்டாது.

பதினாறு நாளைக்கு முன்னால் பூவில் மகரந்தம் வைத்தோம். இன்று மணிகளை உரித்தோம். உள்ளே மாவே இல்லை, வெறும் தண்ணீர். அதற்குள் ரவைத் துணுக்கு அளவில் கரு மிதக்கிறது. விட்டால் அதற்குத் தின்ன ஒன்றுமில்லாமல் செத்துப்போகும். ஊசி முனையில் எடுத்து, சத்துக்கூழ் ஊற்றிய கண்ணாடிக் குழாயில் வைக்கவேண்டும். முப்பத்தொரு மணி உரித்ததில் பதினாறு கரு கிடைத்தது. ஒன்றிலிருந்து பதினாறு வரை எண் எழுதி ஒட்டினேன். முதுகு விட்டுப்போயிற்று.

அக்டோபர் 15

பதினாறில் நான்கு முளைத்தன: மூன்று, ஏழு, பதினொன்று, பதினாறு. மற்றவை கூழிலேயே கறுத்துவிட்டன. பதினொன்று சவலை. மற்ற மூன்றும் ஒரு விரல் நீளம் இருக்கும்போது இது நகக்கண் அளவில் நிற்கிறது. தமயந்தி அதைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றாள். "கெடக்கட்டும்ட்டி, அது என்ன உன்கிட்ட சோறா கேக்கு?" என்று மூலையில் வைத்தேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் இவர் கேட்டார்: "அப்படி என்னத்தத்தான் ரெண்டு பேரும் நோண்டுதீய?"

சொன்னேன். சம்பா கோதுமையின் உயிரணுவில் இருபத்தெட்டு குரோமோசோம், பதினாலு ஜோடி. அது இரண்டு புல் குடும்பம் சேர்ந்தது. களைப்புல்லுக்குப் பதினாலு, ஏழு ஜோடி. பிள்ளை இரண்டு பக்கமும் பாதி வாங்கும். பதினாலும் ஏழும் இருபத்தொன்று. அத்தனையும் ஒற்றை, ஒன்றுக்கும் ஜோடி கிடையாது. ஜோடி இல்லாவிட்டால் விதை கட்டாது. செடி வளரும், கதிர் விடும், உள்ளே எல்லாம் பதர். மருந்து வைத்து ஒவ்வொன்றையும் இரட்டிப்பாக்கினால் நாற்பத்திரண்டு. இவர் தினமும் பிசைகிற மைதா வரும் கோதுமைக்கும் அதே நாற்பத்திரண்டுதான்.

"அப்போ என் பன்னுக்குள்ள மூணு குடும்பம் இருக்கா?"

"இருக்கு. பன்னு பொசுபொசுன்னு உப்புதுல்லா? அந்தப் பசை களைப்புல்லு கொண்டுவந்த சீதனமாம்."

"சம்பா மாவுல நான் ஒருநாள் ரொட்டி போட்டுப் பாத்தேன். செங்கல்லு மாதிரி வந்துச்சு. இப்பம்லா வெளங்குது" என்றார். பத்தொன்பது வருடத்தில் என் வேலை இவருக்கு முதல்முறையாக விளங்கியிருக்கிறது. எனக்கு இரண்டு தோசை கூடவே இறங்கியது.

நவம்பர் 6

மூன்று, ஏழு, பதினாறுக்கு இன்று மருந்து.

மருந்தின் பெயர் கோல்ச்சிசின். செங்காந்தள் செடியிலிருந்து எடுப்பது. கண்வலிக்கிழங்கு என்று தமயந்தி ஊர்ப்பக்கம் காடு காடாகப் போட்டிருக்கிறார்கள். அவள் அப்பாவுக்கும் இரண்டு ஏக்கர் இருக்கிறது. சின்ன வயதிலிருந்து விடியற்காலையில் பந்தலுக்குள் குனிந்து பூவுக்குப் பூ கையால் மகரந்தம் தொட்டு வைத்தவள், அதனால்தான் கோதுமைப் பூவிலும் கை அவ்வளவு நிதானம். "எங்கப்பாரு தோட்டத்து வெசமுங்க்கா இது. சாப்பிட்டா ஆளு போய்ச் சேர்ந்துருவாங்க. செடிக்கும் அளவு தப்பினா அதே கதிதான்" என்றாள்.

வேரைக் கத்தரித்து, அடித்தூரை ஆறு மணி நேரம் கரைசலில் வைக்கவேண்டும். கரைசல் கலந்தது நான். செடிகளை முக்கியதும் நான். பதினொன்று இன்னும் குட்டை என்பதால் அதை விட்டுவிட்டோம்.

நவம்பர் 9

ஏழு செத்துவிட்டது.

நவம்பர் 11

பதினாறும்.

நவம்பர் 14

மூன்றும் போயிற்று. கரைசலை நான் சரியாகத்தான் கலந்தேன். தராசுக் குறிப்பை நான்கு தடவை பார்த்தேன். சரியாகத்தான் கலந்திருக்கிறேன்.

நவம்பர் 15

தமயந்தியின் வழிகாட்டி டாக்டர் இளங்கீரன் கோவையிலிருந்து வந்தார். மாதம் ஒருமுறை வருவார், ஸ்வெட்டர் போட மறப்பார், நடுங்கிக்கொண்டே பேசுவார். நல்ல மனிதர்தான், ஆனால் சட்டம் என்றால் சட்டம். ஜூன் முப்பது தமயந்திக்குக் கடைசித் தேதி. இரண்டு தடவை நீட்டித்தாயிற்று, இனி நீட்டிக்க வழியில்லை. அதற்குள் விதை வேண்டும். விதை இல்லையென்றால் ஐந்தரை வருடமும் வீண், பட்டமும் கிடையாது.

"இருப்பது ஒன்றுதானே? அதற்கே மருந்து வையுங்கள்" என்றார்.

"பாதியைப் பிரிச்சு வெக்கலாங்களா சார்?" என்று தமயந்தி கேட்டாள். அதற்கு அடியிலிருந்து கிளைத்திருப்பதே இரண்டு தூர். பிரித்தால் இரண்டும் போய்விடும் என்றார். அதுவும் சரிதான்.

அவர் போனபிறகு தமயந்தி என்னிடம், "அக்கா, அன்னைக்கு இதைத் தூக்கிப் போட்டிருந்தா இன்னைக்கு நான் மூலனூருக்கு மூட்டை கட்டியிருக்கோணும்" என்றாள். பிறகு என் தோளில் சாய்ந்து அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டு, டீ போட்டேன்.

பதினொன்று இப்போது ஒரு சாண். சவலைப் பிள்ளை தேறிய மாதிரி இலை பளபளவென்று இருக்கிறது. காலையில் போனதும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன். சும்மா, வழியில் இருக்கிறது என்பதால்.

நவம்பர் 21

தமயந்தி ஊருக்குப் போகிறாள். செங்காந்தள் பூத்துக் குலுங்குகிறதாம், மகரந்தம் வைக்க ஆள் கிடைக்கவில்லை, அவள் அம்மாவுக்குக் காலில் சுளுக்கு. பூ நமக்காகக் காத்திருக்குமா? நாலு நாள் லீவு. நாளைக்குப் பதினொன்றுக்கு மருந்து வைக்கவேண்டிய நாள், அதைத் தள்ளவும் முடியாது. மருந்து பாட்டிலை என் கையில் கொடுத்தாள்.

"காலையில ஒம்பதுக்கு வெச்சு மூணு மணிக்கு எடுத்துருங்க்கா. உங்களைத் தவிர யாருகிட்டயும் விட்டுட்டுப் போக மாட்டேன்."

"நீ போயிட்டு வாட்டி, நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

நவம்பர் 22

ஒன்பது மணிக்கு வைத்தேன். மூன்று மணிக்கு எடுத்தேன். ஓடுகிற தண்ணீரில் கழுவி, திரும்பத் தொட்டியில் நட்டேன். பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பாட்டிலில் இருந்தது முழுவதையும் விஷக்கழிவுக் கேனில் ஊற்றி மூடினேன்.

இன்று வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. காலிஃப்ளவர் கூட்டு வைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன் என்று இவர் சொன்னார். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

நவம்பர் 26

தமயந்தி வந்தாள். பையைக்கூட இறக்காமல் கண்ணாடிக் குடிலுக்கு ஓடினாள்.

"அக்கா! வாடவே இல்லீங்க்கா! ஒரு இலைகூட மஞ்சளாவல!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். "உங்க கைராசிதானுங்க்கா. நீங்க நூறு வருசம் நல்லா இருக்கோணும்!"

அவள் அம்மா சுட்டுக் கொடுத்துவிட்ட வெல்லப் பலகாரம், கச்சாயம் நான்கு என் கையில் திணித்தாள். எனக்குக் கச்சாயம் என்றால் உயிர். ஒன்றுகூடத் தின்னவில்லை. எல்லாவற்றையும் இவரே தின்றார்.

டிசம்பர் 5

மருந்து பிடித்த செடிக்கு இலை தடித்து, வளர்ச்சி கொஞ்சம் முடங்குமாம். பதினொன்று முடங்குகிற வழியைக் காணோம், ஆறு தூர் விட்டிருக்கிறது. "அதிசயமா இருக்குதுங்க்கா" என்று தமயந்தி இலையைத் தடவித் தடவிப் பார்த்தாள். நான் பூவாளியைத் தேடுவதுபோல வெளியே போய்விட்டேன். பூவாளி என் கையில்தான் இருந்தது.

டிசம்பர் 12

கிறிஸ்துமஸ் கேக் ஆர்டர் குவிகிறது. வேலை முடிந்து பேக்கரிக்குப் போய் முந்திரி, திராட்சை நறுக்கிக் கொடுத்தேன். விரலையும் சேர்த்து நறுக்கினேன். இவர் கத்தியை வாங்கி வைத்துவிட்டு, "ஏ சௌந்தரி, ஒனக்கு மூணு வாரமா என்ன கேடு? பேச்சே இல்ல. வீடு சர்ச்சு மாதிரி கெடக்கு" என்றார்.

ஒன்றுமில்லை என்றேன். நான் ஒன்றுமில்லை என்று சொன்னால் இவர் நம்பமாட்டார்.

டிசம்பர் 13

சரி, எழுதிவிடுகிறேன். நவம்பர் 22 அன்று நான் வைத்தது தண்ணீர்.

டிசம்பர் 14

இவரிடம் சொல்லிவிட்டேன். வர்க்கி பிஸ்கட் தட்டைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

"முழுசும் தண்ணியா?"

"முழுசும்."

"அடிப் பாவி" என்றார். பிறகு, "அந்தப் பிள்ளைட்ட சொல்லு. இப்பம் மருந்து வச்சாலும் ஆவும்லா?"

ஆகும். தண்டு எழும்புவதற்கு முன்னால் வைக்கவேண்டும். இன்னும் பத்து நாள் இருக்கிறது. நாளைக்குச் சொல்லிவிடுகிறேன்.

டிசம்பர் 15

சொல்லவில்லை. தமயந்திக்குத் தலைவலி.

டிசம்பர் 18

சொல்லவில்லை. டாக்டர் வந்திருந்தார்.

டிசம்பர் 22

சொல்ல என்றே போனேன். குடிலில் தமயந்தி பதினொன்றின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அப்பாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ஆமாங்ப்பா, நல்லா இருக்குதுங்ப்பா. மருந்து புடிச்சுக்குச்சு. இந்த வருசம் முடிச்சுருவனுங்ப்பா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

நான் கோழை. கர்த்தர் பிறந்தநாள் வருகிற நேரத்தில் எழுதவேண்டிய வார்த்தை இல்லைதான், ஆனால் அதுதான் உண்மை.

டிசம்பர் 25

நூற்று அறுபது கேக். ஒன்றுகூட மிச்சமில்லை. தமயந்தி வீட்டுக்கு வந்து மட்டன் பிரியாணி சாப்பிட்டு, இவருடைய தொப்பையைக் கிண்டல் செய்து, கரோல் பாட்டுக்குத் தப்பாகத் தாளம் போட்டு, சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். இரண்டு மணி நேரம் எதுவும் ஞாபகம் இல்லை.

டிசம்பர் 27

தண்டு எழும்பிவிட்டது. கையால் தடவினால் முதல் கணு தட்டுப்படுகிறது. இனி மருந்து வைத்துப் பயனில்லை.

மைதா கம்பெனிக்காரன் அடுத்த வருட டைரியும் கொடுத்திருக்கிறான்.

ஜனவரி 9

உறைபனி. காலையில் புல்வெளி முழுவதும் உப்புக் கொட்டிய மாதிரி வெள்ளை. குடிலின் ஹீட்டர் இந்த வாரம் பார்த்துத்தான் பழுதாகவேண்டுமா? எலக்ட்ரீஷியன் "நாளைக்கு வரேன்" என்றார். அவருடைய நாளைக்கு எனக்குத் தெரியாததா!

பேக்கரியிலிருந்து மைதாச் சாக்கு முப்பது கொண்டுபோனேன். நானும் தமயந்தியும் தொட்டியைச் சுற்றிக் கூடாரம் கட்டினோம். உள்ளே வெந்நீர் பாட்டில் நான்கு வைத்தோம். முடிந்தபோது இரண்டு பேரும் தலைமுதல் கால்வரை மாவு. டாக்டர் இளங்கீரன் உள்ளே வந்து ஒரு நிமிடம் எங்களைப் பார்த்துவிட்டு, "எண்ணெயில் பொரிக்கவேண்டியதுதான் பாக்கி" என்றார். அந்த மனிதர் ஜோக் சொல்வார் என்றே இத்தனை வருடம் தெரியாது.

பதினொன்று தப்பித்துவிட்டது. எதற்காகத் தப்பித்தது என்று ஒரு நினைப்பு வந்தது. பதர் காய்ப்பதற்கா?

பிப்ரவரி 4

கதிர்! முதல் கதிர் பாதி வெளியே வந்திருக்கிறது. பார்த்தால் கோதுமைக் கதிர் மாதிரி இல்லை, அப்பன் களைப்புல்லின் சாயல், ஒல்லியாக, மூங்கில் குச்சி போல. தமயந்தி அதைச் சுற்றி ஒரு ஆட்டம் போட்டாள். நானும் ஆடினேன். எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று பிறகுதான் தோன்றியது.

வெளி மகரந்தம் விழாதபடி ஒவ்வொரு கதிருக்கும் காகித உறை மாட்டி, தேதி எழுதினேன். இந்த வேலையில் ஒரு பிசகும் செய்யவில்லை.

பிப்ரவரி 13

தமயந்தி மகரந்தத்தைச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு சுருங்கிய வெறும் கூடு. மூன்று மட்டும் பெரிதாக, நிறைந்து இருக்கின்றன.

"மருந்து சரியாப் புடிக்கல போல இருக்குதுங்க்கா" என்றாள். குரல் மெலிந்திருந்தது. "நான் ஊருக்குப் போகாம இருந்திருக்கோணும்."

"தமயந்தி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன்.

"இன்னைக்கு வேண்டாங்க்கா. நல்லதா இருந்தாலும் கெட்டதா இருந்தாலும் ரெண்டு வாரம் கழிச்சுச் சொல்லுங்க. என்னால இப்பத் தாங்க முடியாது."

சரி என்றேன். எனக்கு அவள் தவணை கொடுத்ததுபோல ஒரு நிம்மதி வந்தது, அதற்காகவே என்னை இரண்டு அறை விடவேண்டும்.

பிப்ரவரி 27

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை எட்டரைக்கு உறையைக் கழற்றி, கதிரைக் கீழிருந்து ஒவ்வொரு பூவாக விரலால் நசுக்கிக்கொண்டு போனேன். பதர், பதர், பதர். ஐந்தாவதில் விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. உமியை விலக்கினேன். பச்சையாக, உருண்டு ஒரு மணி! நகத்தால் லேசாக அழுத்தினேன். பால்!

பால் கட்டியிருக்கிறது! என் பதினொன்று பால் கட்டியிருக்கிறது!

"தமயந்தீ!" என்று நான் போட்ட சத்தத்தில் வாட்ச்மேன் காட்டெருமை புகுந்துவிட்டது என்று தடியோடு ஓடிவந்தார். தமயந்தி ஒரு காலில் செருப்போடு வந்தாள். அந்த மணியைப் பார்த்தாள். மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வாட்ச்மேனுக்கு என்ன ஏது என்று தெரியாவிட்டாலும் எங்களோடு சேர்ந்து அவரும் அழுதார்.

எனக்கு மட்டும்தான் இது எப்படி ஆயிற்று என்று கேட்கத் தோன்றுகிறது. தண்ணீரில் வைத்த செடி எப்படிப் பால் கட்டும்?

மார்ச் 29

அறுவடை. ஆறு கதிர், பத்தொன்பது விதை. ஒவ்வொன்றும் வற்றி, சுருங்கி, கோழிக்குக்கூட ஆகாது. தமயந்தி தங்கம் நிறுக்கிறவள்போல நிறுத்தாள்.

ஏப்ரல் 6

விதை மூன்றை முளைக்கப் போட்டு, வேர் நுனியை நசுக்கி, சாயம் ஏற்றி, தமயந்தி எண்ணினாள்.

"நாப்பத்திரெண்டுங்க்கா."

மூன்றிலும் நாற்பத்திரண்டு. இவர் இரண்டு கூடை வர்க்கி அனுப்பினார். நிலையம் முழுவதும் திருவிழா. டாக்டர் இளங்கீரன் மல்லிகை மாலையோடு வந்தார், அதைத் தமயந்திக்குப் போடுவதா செடிக்குப் போடுவதா என்று தெரியாமல் மைக்ராஸ்கோப்புக்குப் போட்டார்.

பிறகு சொன்னார்: "மருந்தின் அளவு, நேரம், எல்லாம் அப்படியே எழுதுங்கள். நான்கு நிலையங்களில் இந்த அளவைக் கேட்கிறார்கள். இந்த வருடமே அவர்களும் வைத்துப் பார்ப்பார்கள்."

வாயில் போட்ட வர்க்கி அப்படியே நின்றுவிட்டது. நான்கு நிலையம். ஒவ்வொன்றிலும் எத்தனை செடி? மூன்று, ஏழு, பதினாறைக் கொன்ற அதே அளவு.

ஏப்ரல் 7

சொல்லிவிட்டேன்.

மைக்ராஸ்கோப் அறையில் கதவைச் சாத்திவிட்டு, நின்றுகொண்டே சொன்னேன். நவம்பர் இருபத்திரண்டு, தண்ணீர், ஆறு மணி நேரம், பதிவேட்டில் பொய், கேனில் ஊற்றிய மருந்து, பிறகு சொல்லாமல் விட்ட ஒவ்வொரு நாளும்.

தமயந்தி என்னையே பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"விதை கட்டாம இருந்திருந்தா, என்ற பொழப்பு என்னாயிருக்குமுங்க்கா?"

அவளே தொடர்ந்தாள்.

"அஞ்சரை வருசம். உங்களத் தவிர யாருகிட்டயும் விட மாட்டேன்னு சொல்லிட்டுப் போனனே."

"ஆமா, சொன்ன."

"வெளிய போங்க்கா."

போனேன். பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன். இவர் டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை மூன்று கரண்டி.

ஏப்ரல் 8

லீவு. துணி துவைத்தேன். துவைத்த துணியையே திரும்பவும் துவைத்தேன்.

ஏப்ரல் 9

மத்தியானம் இரண்டு மணிக்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. தமயந்தி. தலை சீவவில்லை, கண் இரண்டும் கோவைப்பழம்.

"அக்கா, கெளம்புங்க. ஒண்ணு பாக்கோணும்."

"எதுக்கு?"

"கேக்காதீங்க, வாங்க. இன்னும் உங்க மேல கோவமாத்தான் இருக்கறேன்."

ஆட்டோவில் ஏறினேன். மைக்ராஸ்கோப் அறையில் என்னை உட்காரவைத்து, "எண்ணுங்க" என்றாள்.

எண்ணினேன். ஊதா நிறத்தில் சின்னச் சின்னக் குச்சிகளாகக் கிடந்தன. மூன்று தடவை எண்ணினேன். "இருபத்தொண்ணு" என்றேன். "இது என்னது?"

"பதினொண்ணாம் நம்பர். தாய்ச் செடி. ஆறு தூர்லயும் புதுசா வேர் எடுத்து ரெண்டு நாளா எண்ணறேன். எல்லாத்துலயும் இருபத்தொண்ணு. தாயி மாறவே இல்லீங்க்கா. புள்ளைக மட்டும் நாப்பத்திரெண்டு."

எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அவள் மேசையில் தட்டினாள்.

"மருந்து வெச்சிருந்தா தாயோட தூரே இரட்டிப்பா ஆயிருக்கும். இது அப்படி ஆகல. பூவுக்குள்ள, மகரந்தத்துலயும் சூல்லயும், பாதியாப் பிரிய வேண்டிய எடத்துல பிரியாமயே நின்னுக்குச்சு. இருபத்தொண்ணும் இருபத்தொண்ணும் சேர்ந்துச்சு, நாப்பத்திரெண்டு. அன்னைக்கு மகரந்தத்துல நூத்துக்கு மூணு பெருசா இருந்துச்சுல்லங்க்கா? அதுதான்! பத்தாயிரம் வருசத்துக்கு முந்தி யாரோ ஒருத்தரு வயல்ல சம்பாவும் களையும் கூடி ரொட்டிக் கோதுமை பொறந்துச்சே, அன்னைக்கு யாரு பாட்டிலத் தூக்கிட்டு வந்தாங்க? அதே மாதிரி இங்க நம்ம குடில்ல நடந்திருக்குது! நீங்க மட்டும் மருந்து வெச்சிருந்தா, ஒண்ணு செடி செத்திருக்கும், இல்லாட்டி இது நடந்ததே நமக்குத் தெரிஞ்சிருக்காது!"

சொல்லிக்கொண்டே வந்தவள் சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. பைத்தியங்கள் மாதிரி ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தோம். நடுவில் அவள் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அது சிரிப்புக்கு இல்லை, கோபத்துக்கு. நன்றாக வலித்தது. வலிக்க வேண்டியதுதான்.

ஏப்ரல் 11

தமயந்தி என்னையும் வைத்துக்கொண்டே டாக்டரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு ஒலிபெருக்கியில் கேட்டது: "மருந்தின் அளவை அனுப்பவேண்டாம் என்று நான்கு நிலையத்துக்கும் இப்போதே எழுதுகிறேன். தமயந்தி, தலைப்பை மாற்றுங்கள். இது முன்னதைவிடப் பெரிய விஷயம்." அப்புறம், "ஞானசௌந்தரி அங்கே இருக்கிறார்களா?" என்றார். இருக்கிறேன் என்றேன். "உங்களுக்குத் தனியாகத் தபால் வரும்" என்று வைத்துவிட்டார்.

ஏப்ரல் 18

தபால் வந்தது. மெமோ. 'ஆய்வுப் பொருளில் தன்னிச்சையாக மாற்றம் செய்தது, பதிவேட்டில் உண்மைக்குப் புறம்பாகப் பதிவு செய்தது குறித்து ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் அளிக்கவும்.' கீழே பச்சை மையில் கையெழுத்து. பத்தொன்பது வருடத்தில் என் முதல் மெமோ.

அன்றைக்கே தமயந்தி ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தைக் கொண்டுவந்து, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் எனக்குப் படித்துக் காட்டினாள்: "பதினோராம் எண் செடி ஆறு மணி நேரம் தண்ணீரில் வைக்கப்பட்டது. வைத்தவர் ஞானசௌந்தரி." புத்தகத்தில் என் பெயர்! இவர் அந்தப் பக்கத்தை பேக்கரிச் சுவரில் ஒட்டவேண்டும் என்கிறார். மெமோவையும் பக்கத்தில் ஒட்டலாமே என்றேன்.

ஏப்ரல் 24

விளக்கம் கொடுக்க நாளைக்குக் கடைசி. இவர் வழி சொல்லிக் கொடுத்தார்: "கண்ணு சரியாத் தெரியல, பாட்டில் மாறிப்போச்சுன்னு எழுது. யாரு கேக்கப்போறா?" தமயந்தி, "குளிர்ல கை நடுங்கி மருந்து கொட்டிருச்சுன்னு எழுதுங்க்கா, நான் சாட்சி சொல்றேன்" என்றாள். ஊரில் இல்லாத சாட்சி!

இரண்டு பேரையும் அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். நான்கு தாள் கிழித்தேன். ஐந்தாவது தாளில் எழுதியதை இங்கே அப்படியே காப்பி எடுத்து வைக்கிறேன்.

ஐயா,

மூன்று செடிகளை என் கையால் மருந்தில் வைத்தேன். மூன்றும் செத்துப்போயின. நவம்பர் 22 அன்று நான்காவதையும் வைக்கத்தான் எடுத்தேன். வேரைக் கழுவும்போது அது என் விரலைச் சுற்றிக்கொண்டது. எனக்கு மனசு வரவில்லை.

பதிவேட்டில் பொய் எழுதியது தப்பு. தமயந்தியிடம் மறைத்தது அதைவிடப் பெரிய தப்பு. இரண்டுக்கும் தண்டனை கொடுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். தண்ணீரில் வைத்ததற்கு மட்டும் என்னால் வருத்தம் தெரிவிக்க இயலாது.

இப்படிக்கு,
ஞா. ஞானசௌந்தரி,
லேப் அசிஸ்டென்ட்.